தோளுக்கு மேலே

வரைதாளில் அவளுக்குக் கைகள் இருந்தன,
இரண்டும் இடுப்போரம்,
பூச்சாடிக்குப் பிடி வைத்ததுபோல்.
பாலாடை நிறச் சட்டை,
செர்ரிக் கருஞ்சிவப்பில் ஒட்டிய பாவாடை,
கழுத்தில் ஒரு பட்டு முடிச்சு.
முடிச்சுக்கு மட்டும் பதினோரு நாள் ஆயிற்று.
இயக்குநர்கள் கைதட்டினார்கள்.
திபிலிசியில் அன்று நல்ல மழை.
குடையை அந்த அறையிலேயே மறந்துவிட்டு
நனைந்துகொண்டே, மிதந்துகொண்டே வீடு வந்தேன்.

சோதனைக்கு ஆறு பேர் மூன்று மாதம் உடுத்தினார்கள்.
ஐந்து படிவங்களில் ‘நன்று’.
லம்சீரா மட்டும்
எல்லாக் கட்டங்களையும் வெறுமையாக விட்டு
அடியில் ஒரு வரி எழுதியிருந்தாள்:
“அல்மாட்டி இரவு விமானத்தில் ஒருமுறை வந்து உட்காருங்கள்.”

கோபம்தான் வந்தது. போனேன்.

கடைசி வரிசை, கழிப்பறைக் கதவோரம்.
மடியில் நோட்டு.
எழுத ஒன்றும் தோன்றாமல்
கோடு போட ஆரம்பித்தேன்:
அவள் கை தோளுக்கு மேலே போகும்போதெல்லாம் ஒரு கோடு.
பெட்டி ஏற்ற, பெட்டி நகர்த்த,
அடியில் சிக்கிய யாரோ ஒருவரின் மேலங்கியை உருவ,
மூடியை அழுத்த,
மூடியது மூடியதுதானா என்று மறுபடி அழுத்த.
ஒவ்வொரு கோட்டுக்கும் சட்டை பிதுங்கி வெளியே வந்தது.
ஒவ்வொரு முறையும் இடக்கையால்,
யாரும் பார்க்காத வேகத்தில்,
அதை உள்ளே செருகினாள்.
செருகுவதற்கும் ஒரு கோடு போடலாமா?
போட்டேன்.
வானூர்தி தரையை விடுமுன் பக்கம் நிரம்பிவிட்டது.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள்.
நான் தைத்ததில்
கையைத் தொங்கவிட்ட பாதி ஆளுக்குத்தான் இடம்.

பதினான்காம் வரிசையின் மேலே
செய்தித்தாளில் சுற்றிய ஒரு போத்தல் கசிந்தது.
புளிப்புப் பிளம் குழம்பு, மகனுக்காம்.
லம்சீராவின் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஓடியது.
அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டு முடியவில்லை.
“ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று பின்னால் வந்தவள்
திரைக்குள் நின்று மணிக்கட்டை நக்கிப் பார்த்தாள்.
“பூண்டு போதாது” என்றாள், என்னிடம்.

மூன்று மணிக்கு ஒருவர் நடைபாதையில் சரிந்தார்.
குராம் சட்டென்று மண்டியிட்டான்: அவனுக்குக் கால்சட்டை.
அவள் குனிந்தாள்,
பாவாடை விடவில்லை,
இன்னும் குனிந்தாள்.
துணி கிழிகிற சத்தங்களில் எனக்குத் தெரியாதது இல்லை.
இது தையல் விடுகிற சத்தம்,
என் தையல்.

சர்க்கரை கொடுத்தார்கள். கண் திறந்தார்.
நேரமும் நாடியும் குறிக்க வேண்டும்.
காகிதம் வைக்கப் பை இல்லை,
பை வைத்தால் நெஞ்சருகே புடைக்கும் என்று நான் எடுத்துவிட்டிருந்தேன்.
கொண்டையிலிருந்து பேனாவை உருவி
ஏற்கெனவே கெட்ட கைப்பட்டியில் எழுதினாள்:
3.40. ஐம்பத்தெட்டு.

அந்தச் சட்டையை நான் திருப்பித் தரவில்லை.

அக்குளில் இப்போது ஒரு சிறு சாய்சதுரத் துண்டு,
உள்ளங்கையைவிடச் சிறியது.
கை கூரையைத் தொட்டாலும் இடுப்பில் ஒரு நூல் அசையாது.
கணக்குப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் கேட்டார்:
“சட்டைக்கு நாற்பது டெட்ரி கூடுகிறது.
புகைப்படத்தில் தெரியுமா?”
தெரியாது என்றேன்.
நோட்டைப் பிரித்து அவர் மேசையில் வைத்தேன்.
முதலில் அதை ஏதோ வடிவமைப்பு என்று நினைத்துவிட்டார்.

பாவாடைக்குப் பக்கத்தில் மறைமடிப்பு,
வேண்டியவருக்குக் கால்சட்டை,
பேனா நிற்கிற ஆழத்தில் ஒரு பை. புடைக்கத்தான் செய்கிறது.
பதினோரு நாள் முடிச்சு இன்று பொய் முடிச்சு:
பின்னால் அழுத்துப் பட்டன்.
யாராவது பிடித்து இழுத்தால்
அவர் கையோடு போய்விடும். போகட்டும்.

வெளியீட்டு நாளில் அனைவரும்
பூச்சாடிகளாய் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று லம்சீராவின் புதிய படிவம் வந்தது.
எல்லாக் கட்டத்திலும் ‘நன்று’.
அடியில் ஒரு வரி:
“காலணியை யார் வரைந்தது?”

இன்னும் பதில் எழுதவில்லை.