ஈரக் கழிவு

கந்தப்பளை. தை மாதம். விடிய நாலு மணி.
டொங்கிளுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம்
தண்ணீர்த் தாங்கியின் மேல்விளிம்பு.
சாக்கை விரித்து அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் லேப்டொப்,
லேப்டொப்பில் பத்து லட்சம் வயதும் ஆகாத ஒரு நட்சத்திரம்,
அதைச் சுற்றித் தட்டையாய்த் தூசியும் வாயுவும்.

ஆறாயிரத்துச் சொச்சம் தாக்கங்கள்.
எது எதோடு மோதும், எது பிறக்கும், எவ்வளவு வேகம்,
ஒன்றுக்கு ஒரு வரி.
இருபது கெல்வினுக்குக் கீழே
காபனோரொட்சைட்டு அலைவதை நிறுத்தித்
தூசியில் ஒட்டிப் பனியாகிறது.
அந்த இடத்தில் ஒரு கோடு.
கோட்டுக்கு அப்பால் உறைவு,
உறைவுக்குள் மெல்ல மெல்ல மெதனோல்.
கோள் இன்னும் இல்லை.
கோளுக்கான சரக்கு மட்டும்.

வெளிச்சம் வந்ததும் கீழே பார்க்கிறேன்.
ஏழாம் நம்பர் மலையின் பள்ளத்தில்
உறைபனி வெள்ளையாய்க் கிடக்கிறது.
வெயில் பட்டால் கொழுந்து கருகும்.
மேட்டில் பச்சை. நடுவே
நூல் பிடித்தாற்போல் இங்கேயும் ஒரு கோடு.
இங்கே பள்ளம் குளிர், அங்கே தூரம் குளிர்.
உவமை அவ்வளவுதான்,
மேலும் இழுத்தால் அறுந்துவிடும்.

ஓட்டம் நின்றுவிட்டது. சிவப்பில் ஒரு வரி:
காபன் சமப்படவில்லை.
கோடியில் மூன்று பங்கு குறைகிறதாம்,
அதற்கே இந்தப் பிடிவாதம்.
வாயுவில் இல்லையென்றால் பனியில் இருக்க வேண்டும்,
பனியிலும் இல்லையென்றால்
பிழை என்னுடையது.

நாலாயிரத்து நூற்றுப் பதினேழாம் வரி.
இடப்பக்கம் இரண்டு காபன், வலப்பக்கம் ஒன்று.
தட்டியது நான்தான், போன வெள்ளி, தூக்கக் கலக்கத்தில்.

பதினொரு மணிக்கு மடுவத்தில் நிறுவை.
தவமலரின் சாக்கு, தராசில் பதினெட்டு கிலோ.
புத்தகத்தில் பதினைந்து.
'ஈரக் கழிவு' என்கிறார் கணக்கப்பிள்ளை, தலை நிமிராமல்.
மழை பெய்து ஒன்பது நாள்.
மேட்டுக் கொழுந்து, பனியும் படாதது.
ஒன்றும் நிற்கவில்லை.
சிவப்பு எழுத்து வரவில்லை.
அடுத்த சாக்கு ஏறுகிறது.

'எங்க போச்சு அந்த மூணு கிலோ?'
என்னைத்தான் கேட்கிறாள், நான் படித்தவளாம்.
வாயுவில் இல்லை, பனியில் இல்லை என்று
வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

முதுகுப்பைக்குள் லேப்டொப் கொதிக்கிறது,
நட்சத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பற்றரி பதினோரு வீதம்.
பிழைகளைக் குறிக்கும் கொப்பியை எடுத்துக்
கடைசிப் பக்கத்தில் மூன்று நிரல் கிழிக்கிறேன்:
திகதி. தராசு. புத்தகம்.

கணக்கப்பிள்ளை இப்போது நிமிர்கிறார்.

தவமலர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து,
'நேத்தையதையும் போடு,
இருபத்தொண்ணுக்குப் பதினெட்டு' என்கிறாள்.