இலைதானே

இலைக்கு இங்கே பெயர் கிடையாது.
சந்தையில் மா க்ளோதில்த் கூவும் பெயரை
மெலனி ஸெபாஸே ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு
மேலே மையால் எழுதினாள்: பதினான்கு.

நான் எலிக்காரன்.
ட்சாங் பல்கலைக்கழகத்தின் பின்புறம்,
யூகலிப்டஸ் வரிசை முடிகிற இடத்தில்,
தகரக் கூரைக்குக் கீழே இருபத்துநான்கு வெள்ளை எலிகள்.
உமி மாற்றுவேன். தண்ணீர்க் குப்பி கழுவுவேன்.
வாலில் கோடு போட்டு ஆள் தெரிந்துகொள்வேன்.

பதினான்கை நிழலில் உலர்த்தினோம்.
கேமரூன் மலைக்குளிரில் அது காய எட்டு நாள்.
இடித்து, மெத்தனாலில் ஊறப்போட்டது மூன்று நாள்,
விருந்துக்கும் மருந்துக்கும் சொன்ன அதே மூன்று.
வடித்து, ஆவி போக்கி, கடைசியில் மிஞ்சியது
தார் போல ஒரு கரும்பச்சை,
கரண்டியை விட்டு இறங்க மனமில்லாத பிசுக்கு.

அகார் தட்டு என் வேலையல்ல.
ஆனாலும் அந்தக் காலையில் மெலனி கூப்பிட்டாள்.
புண்ணில் சீழ் கட்டும் கிருமியைத்
தட்டு முழுக்கப் புல்தரை மாதிரி வளர்த்திருந்தாள்.
நடுவே பதினான்கு ஊற்றிய குழி.
அதைச் சுற்றி
யாரும் கால் வைக்காத ஒரு வட்டம்.
அளவுகோலை வைத்தாள்: பத்தொன்பது மில்லிமீட்டர்.
பக்கத்துக் குழியில் வெறும் கரைப்பான்.
அங்கே கிருமி விளிம்பு வரை வந்து நின்றது.
முகக்கவசத்துக்குள் சிரித்தாள்:
"அந்தம்மா பொய் சொல்லவில்லை, பொனிஃபாஸ்."

அந்தம்மாவை எனக்குத் தெரியும்.
பனையெண்ணெய்க் கடைக்கும் கருவாட்டுக்கும் நடுவே
பழைய பியர் பாட்டில்களில் பச்சைத் தண்ணீர் விற்பவள்.
என் மகள் லிசெத்துக்குத் தொடையில் கட்டி வந்தபோது
நானும் வாங்கினேன்.
எவ்வளவு குடிக்க வேண்டும் என்றேன்.
"தாகத்துக்குத் தக்கபடி," என்றாள்.
"இலைதானே."
ஐந்து நாள், நாளுக்கு அரை பாட்டில். கட்டி உடைந்தது.
தானாகவும் உடைந்திருக்கும் என்றாள் மெலனி.
அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

பிறகு எலிகளின் முறை.
இருபத்தெட்டு நாள், குழாய் வழியே தொண்டைக்குள்.
முதல் கூண்டுக்கு நீர்,
அடுத்ததற்குக் கொஞ்சம்,
அடுத்ததற்கு அதில் இரண்டு மடங்கு,
நான்காவது கூண்டுக்கு, மெலனியின் கையே தயங்கிய அளவு.
பத்தொன்பதாம் நாள் நான்காவதில்
இரண்டு கோடு வால்காரன் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ரோமம் சிலிர்த்தபடி ஒரு மூலையில்,
விருந்தாளி மாதிரி, உட்கார்ந்திருந்தான்.

அறுத்தபோது நானும் நின்றேன்.
மூன்று கூண்டுகளுக்கும் ஈரல் ஈரல் நிறத்தில்.
நான்காவதற்கு
வேகவைத்த மரவள்ளி போல வெளிறி.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்:
"பதினெட்டு கிலோ பிள்ளை. அரை பாட்டில்.
எந்தக் கூண்டு?"
மெலனி மேசையில் விரலால் கணக்குப் போட்டாள்,
அழித்தாள், மறுபடி போட்டாள்.
"எலி கணக்கு அப்படியே பிள்ளைக்குப் பொருந்தாது.
அவள் பாட்டிலில் எத்தனை இலை என்றும் தெரியாது."
கொஞ்சம் கழித்து,
"மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்."

அன்றிரவு டார்ச் அடித்து
லிசெத்தின் கண்வெள்ளையைப் பார்த்தேன்.
வெள்ளையாகத்தான் இருந்தது.
"என்ன?" என்றாள் தூக்கத்தில்.
கொசு என்றேன்.

சந்தை நாளில் போய் எல்லாம் சொன்னேன்.
"எலியா?" என்றாள் மா க்ளோதில்த்.
"எலிக்கு நான் எப்போது விற்றேன்?"
வட்டத்தைப் பற்றி மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன்.
தன் விரல்களையும் அதே அளவுக்கு விரித்து
வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அப்போது ஒருத்தி வந்தாள், முதுகில் பிள்ளை,
பிள்ளையின் காதுக்குப் பின்னால் கட்டி.
எவ்வளவு குடிக்கத் தர வேண்டும் என்றாள்.
மா க்ளோதில்த் பதிலுக்கு வாயைத் திறந்தவள்
என் பக்கம் திரும்பினாள்.
எலிக்காரன் நான். என்ன சொல்ல?
தெரியாது என்றேன். இன்னும் தெரியாது.
தகரத்தில் மழை தொடங்கியது.

அவள் பாட்டிலைத் தூக்கி
பாதியைப் பானைக்குள் திருப்பி ஊற்றினாள்.
விலையைக் குறைக்கவில்லை.