அடிமணம்

நுவரெலியாவில் மழைக்கு ஒதுங்கிய கடை.
கண்ணாடித் தட்டுக்குப் பின்னால் அந்தப் போத்தல்:
அதே பச்சை, தோளில் அதே பொன்கோடு,
முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது.
"பழைய சரக்கு அங்கிள், திரும்பவும் வந்திருக்கு.
இப்ப யாரும் இவ்வளவு காரமாப் போடமாட்டாங்க"
என்றாள் ஷிம்ரா. பெயரைச் சட்டையில் குத்தியிருந்தாள்.
காகிதக் கீற்றில் ஒரு தரம் அடித்து
விசிறி நீட்டினாள்.

முதலில் கராம்பு.
பின்னால் மிளகு, சாதிக்காய்,
அப்போதுதான் சீவிய பென்சில் மாதிரி ஒரு மரம்.
எல்லாம் நம்ம பக்கத்தில் விளைகிறவைதான்.
கப்பலேறிப் போய்
கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியிருந்தன.

எண்பத்து மூன்று, ஆடி.
எனக்கு எட்டு வயது, தவமலருக்கு ஐந்து.
டவுன் எரிகிறது என்று
பிரட்டுக்களத்தில் மெல்லப் பேசிக்கொண்டார்கள்.
இருட்டியதும் ரோட்டில் லொறிச் சத்தம்.
அப்பா ஃபெக்டரியில், இரவு வேலை.
அம்மா எங்களைத் தேயிலைக்கு நடுவே இழுத்துக்கொண்டு ஓடி
சின்னத்தொரை பங்களாவின் பின்கதவைத் தட்டினாள்.

விஜேகோன் தொரை ஒன்றும் கேட்கவில்லை.
அம்மாவை விறகுக் கொட்டிலுக்குக் கைகாட்டினார்.
அலுமாரியைத் திறந்து, கோட்டுகளை ஒதுக்கி,
எங்கள் இருவரையும் தூக்கி உள்ளே வைத்துப் பூட்டினார்.

அந்தக் கையை எனக்கு முன்பே தெரியும்.
மூன்று கிழமைக்கு முன்
அம்மாவின் கொழுந்தில் இரண்டு கிலோ வெட்டியதை
ஏன் என்று கேட்ட அப்பாவின்
இடக் கன்னத்தில் இறங்கிய கை.
அன்று இரவு ரொட்டி தின்றுகொண்டிருந்தவரின்
தோளில் சாய்ந்து நான்தான் சொன்னேன்,
"அப்பா, ஒங்க மேல நல்லா மணக்குது."
அவர் பாதி ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தார்.

அலுமாரிக்குள் எவ்வளவு நேரமென்று தெரியாது.
கம்பளித் துணி மூக்கில் உரச
கராம்பைக் குடித்துக்கொண்டிருந்தேன்.
வெளியே பூட்ஸ் காலடிகள். கிளாஸ்களின் சத்தம்.
தொரை சிரித்தார், உரக்க, ரொம்ப உரக்க.
"கவுருத் நே" என்றார்.
யாருமில்லை.
நாங்கள்தான் அந்த யாருமில்லை.

கீற்றை மறுபடி முகர்ந்தேன்.
ஏதோ குறைந்தது.
"ஃபோர்முலா மாத்திட்டாங்க போல" என்றாள் ஷிம்ரா, அனுதாபமாக.

வவுனியாவுக்குப் போன் போட்டேன்.
தவமலர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.
மணமா? அவளுக்கு ஞாபகமே இல்லை.
"கோட்டுப் பொத்தான் ஒண்ண வாயில வச்சிருந்தேன்.
ஐஸ் மாதிரி இருந்திச்சி."
கொஞ்ச நேரம் சுளகுச் சத்தம் மட்டும்.
"அண்ணே, நான் உள்ள ஒண்ணுக்குப் போயிட்டேன்.
நீ யாருகிட்டயும் சொல்லலதானே?"

சொல்லவில்லை.
எனக்கே இப்போதுதான் தெரிகிறது.
நாற்பது வருடமாய் நான் தேடிய அடிமணம்
எந்தக் கம்பெனியும் வடித்ததில்லை.
பூச்சி உருண்டை, ஈரக் கவுன்,
தவமலரின் வாயைப் பொத்தியிருந்த
என் உள்ளங்கை வேர்வை.

அடுத்த வருடம் தொரைக்கு மாற்றலானது.
சாமான் ஏற்றப் போனவர்களில் அப்பாவும் ஒருவர்.
அலுமாரியின் தலைமாட்டை அவர்தான் பிடித்தார்.
ஒரு பேச்சில்லை.
கூலி என்று நீட்டிய நோட்டை மட்டும்
வாங்காமல் இறங்கி வந்தார்.
அது நன்றியா, வேறெதுவுமா,
கடைசி வரை நான் கேட்கவில்லை.

"எடுக்கவா அங்கிள்? எட்டாயிரத்து ஐந்நூறு."
வேண்டாம் என்றேன். கீற்றை மட்டும் கேட்டேன்.

தலவாக்கலை பஸ்ஸில் ஜன்னலோர இடம்.
நானுஓயா தாண்டும்போது கராம்பு போய்விட்டது,
மரம் மட்டும் மிச்சம்.
கண்டக்டர் முன்னால் போகும்வரை பொறுத்திருந்து
கீற்றை ஒரு தரம்
இடக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.