கக்கத்துத் துண்டு

வால்பரைசோவில் வடிவமைப்புக் கண்காட்சி.
பொருள் ஒன்றுக்கு நாற்பது சொல்
எழுதித் தருவது என் பிழைப்பு.

பதினேழாம் எண்: மேலங்கி. கம்பளி. கடல்நீலம்.
வடிவமைப்பு ரெனாத்தோ உர்சுவா.
பரிசு வாங்கியது.
கை தூக்கினால் கூடவே எழும் துணி என்று
நடுவர்கள் வியந்திருந்தார்கள்.
படிவத்தின் கடைசி வரி:
தையல், உள்ளூர்.

உள்ளூருக்கு ஒரு பேர் இருக்குமே என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறினேன்.
ஒதீலியா கீலோத்ரான், வாய் நிறையக் குண்டூசி,
தாடையால் நாற்காலியைக் காட்டினாள்.
கடைசி ஊசியையும் துணியில் குத்திவிட்டுத்தான் பேசினாள்.

அந்தப் படமா? அழகான படம்.
உள்ளே நுழையத்தான் வழியில்லை.
பித்தான் இல்லை, பிளவு இல்லை.
தலையை எங்கே விடுவது என்று போனில் கேட்டேன்.
அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.
பார்த்துக்கொண்டேன்.

மீன் விலை அச்சடித்த நாளிதழில் முதல் வெட்டு.
துறைமுகத்தில் வடம் இழுக்கும் எலியேசரைப் பிடித்து
மாட்டிவிட்டு, இழு என்றேன்.
டர்ர்ர்.
பிரித்தேன். மறுபடி பிரித்தேன்.
பிறகு ஒரு ராத்திரி, கக்கத்தில்
உள்ளங்கை அகலச் சாய்சதுரம்,
இழைக்குக் குறுக்கே வெட்டி வைத்தேன்.
கை எழுந்தது.
இடுப்பு இருந்த இடத்தில் இருந்தது.

பதினோரு ராத்திரி. நாலுக்குக் காசு.

தைத்தவர் ஒதீலியா என்று எழுதட்டுமா?

அவள் சிரிக்கவில்லை.
தைப்பது கடைசி வேலை.
மிதித்தால் மெஷின் அதுபாட்டுக்குத் தைக்கும்.
அதற்கு முன்னால் நான் செய்தேனே,
அதற்குக் கண்காட்சிக்காரர்கள் பாஷையில் என்ன பேர்?

படி இறங்கும்போது
நாற்பது சொல்லையும் விரித்துப் பார்த்தேன்.
அந்தச் சொல் அதிலேயே இருந்தது,
முதல் வரியில்,
ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தபடி.

பக்கத்தில் அவள் பேரைச் சேர்த்தேன்.
இயக்குநர் அடித்தார். சேர்த்தேன். அடித்தார்.
அச்சுக்குப் போன தாளில் யார் கை மேலே என்று
வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

அதற்குள், விளக்கணைந்த கூடத்தில்,
பொம்மையின் இடக்கையை மட்டும்
உட்புறம் வெளியே வரத் திருப்பி வைத்தேன்.
சாய்சதுரம் தெரிந்தது.
அதைச் சுற்றி, பிரித்துத் தைத்த பழைய துளைகளும்.

வந்தவர்கள் ஏதோ புதுப் பாணி என்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

காவலாளி மட்டும்
ஆளில்லாத நேரம் பார்த்து அதன் எதிரே நின்று
தன் சீருடைக் கையைத் தூக்கினான்.
பாதியில் பிடித்துக்கொண்டது.

பிறகு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி,
எந்தப் படிக்கட்டு என்று கேட்டான்.