பதினொன்று

அவருக்குக் கிடைத்த சின்னம் ரொட்டி டோஸ்டர்.
எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அது இல்லை.
"பெட்டி மாதிரி இருக்கும், மேலே ரெண்டு ஓட்டை"
என்று அவரே சைக்கிளை நிறுத்தி விளக்கினார்.
"ரெண்டு ஓட்டா? அதுக்கு மேல விழாது லஸ்கரே."
டீக்கடை குலுங்கியது. அவரும் சிரித்தார்.

அம்பலவாணன். முப்பத்தொரு வருடம் ஷட்டர் திருகியவர்.
எந்த மதகில் எத்தனை பல் தேய்ந்திருக்கிறது,
எந்த வாய்க்காலுக்கு எந்த வருடம்
தூர்வாராமல் பில் மட்டும் போட்டார்கள்,
தேதியோடு சொல்வார்.
நல்ல மனுஷன் என்றார்கள் எல்லோரும்.
சொல்லிவிட்டு ஓர் "ஆனா" போட்டார்கள்.

கொழுந்தனார் வந்து உட்கார்ந்தார்:
"அண்ணி, ஓட்டைப் பிரிச்சிடாதீங்க."
மறுநாள் எதிரணி மெம்பர் கோமளவல்லியும்
அதையே சொன்னாள், அதே குரலில்.
ஐந்து வருடமாகப் பேசிக்கொள்ளாத இருவர்
ஒத்துப்போன ஒரே இடம் என் விரல்.

பிரிக்காதே என்கிறார்கள்,
வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும்
பிரிந்து வந்ததால் மட்டும்
ஊராகியிருக்கிற ஊரில்.
அப்போது இது வாயில் வரவில்லை.
தலையாட்டினேன். இருவருக்கும் ஆட்டினேன்.

பொத்தான் முன்னால் கை நின்றது, பொய்யில்லை.
இருவரில் மோசமானவர்
என் ஒற்றை ஓட்டால் வந்துவிட்டால்?
கொழுந்தனார் சொன்னது முழுக்கத் தப்புமில்லை.
பதினான்காவது பொத்தான்.
பீப் மட்டும் எல்லோருக்கும் ஒரே நீளம்.

நூற்று அறுபத்தேழாம் சாவடியில்
டோஸ்டருக்குப் பதினொன்று.
ஆயிரம் விழுந்திருந்தால் ரகசியம்.
பதினொன்றை உரக்கடை வாசலில்
விரல்விட்டு எண்ணினார்கள்:
அவர் வீட்டில் நாலு, சம்பந்தி வீட்டில் மூணு,
கூட வேலை பார்த்த ரெண்டு பேர்.
மீதி ரெண்டு?
நான் கல்லாவில் யூரியா ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.
எழுத்து கோணிப்போனது.

ஜெயித்தவருக்கு எட்டாயிரம் வித்தியாசம்.
என் பயத்துக்கும் வேலையிருக்கவில்லை.

மேட்டூர் திறந்து பத்தொன்பதாம் நாள்
கடைமடைக்கு வந்தது தண்ணீர், கணுக்கால் அளவு.
கடலில் கலந்ததைத்தான் பேப்பரில்
வீண் என்று போடுகிறார்கள்.
இது கடல்வரை போகவில்லை,
தெற்கு வயலில் நின்றுவிட்டது.
மதகடியில் லஸ்கர் குந்தியிருந்தார்,
சாவி இல்லாமல், பல்சக்கரத்தைப் பார்த்தபடி.

பத்தாவது நான்.
பதினொன்று யாரென்று இன்றுவரை தெரியாது.
மன்னார்குடி பஸ்ஸில்
யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால்
ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.