பாலம் குறித்து ஒரு வினா

ஓவன்பான் ஆற்றுப் பாலத்தை
இருபத்தொன்றாம் வருடம் மே மாதம்
வெடிவைத்துத் தகர்த்தவர் மோர்ட்டி ஸ்கேனல்.
முப்பத்திரண்டு தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள்
அதைக் கட்டித் தரச்சொல்லி
டப்ளின் நாடாளுமன்றத்தில் வினா எழுப்பியவரும்
அதே மோர்ட்டி ஸ்கேனல்.
நான் அவருக்கு வாடகைக் கார் ஓட்டியவன்.
சுற்றுவழி பதினோரு மைல்.
பெட்ரோல் கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அமைச்சரின் பதில் ஆண்டுதோறும் ஒன்றே:
பரிசீலனையில் உள்ளது,
நிதி வந்ததும் ஆவன செய்யப்படும்.
ஒருமுறை எதிர்வரிசையிலிருந்து ஒருவர்
'இடித்தவரே கட்டலாமே' என்றார்.
அவை சிரித்தது.
இவரும் சிரித்தார், பல் தெரியாமல்.
திரும்பும் வழியில் மல்லோ வரும்வரை
ஒரு வார்த்தை இல்லை.

சனிக்கிழமைகளில் ட்வூமி கடையின் பின்னறை.
கொக்கியில் தொங்கும் பன்றித்தொடைகளுக்குக் கீழே
அவருக்கொரு நாற்காலி.
சாக்கடை அடைப்பு, மாட்டுக்குக் காசநோய்,
மகனுக்குப் போலீஸ் வேலை,
மகளை விட்டுவிட்டு லிவர்பூலுக்கு ஓடிய மருமகன்
எல்லாம் சிகரெட் அட்டையின் பின்புறம்
பென்சிலில் ஏறும்.
நன்றிக்கென்று யாராவது முட்டை கொண்டுவந்தால்
எனக்குக் கொடுத்துவிடுவார்.
தலைமறைவில் பதினான்கு வாரம்
பச்சை முட்டை குடித்த தொண்டை அது.

முப்பத்துநாலில் போராளி ஓய்வூதியம் வந்தது.
பாலம் தகர்ந்த ராத்திரி தானும் அங்கிருந்ததாக
எழுதிக் கொடுத்தவர்கள் நூற்று நாற்பது பேர்.
இருந்தவர்கள் ஒன்பது பேர்.
எல்லாத் தாளிலும் கையெழுத்திட்டார்.
'பசிக்குமா சாட்சி?' என்றார்.

ஒன்பதில் திரி கொளுத்தியவன் டென்னி க்ரோகன்.
அவன் தாள் வரவில்லை.
உடன்படிக்கைக்குப் பிறகு
புது அரசின் பச்சைச் சீருடை மாட்டியவன்;
இருபத்துமூன்று பிப்ரவரியில்
தன் வீட்டுப் படலருகே
பழைய தோழர்கள் சுட்டுச் செத்தவன்.
அந்த வாரம் நெஞ்சில் நீர்கோத்துப் படுத்திருந்தேன் என்று
மோர்ட்டி சொல்லியிருக்கலாம்.
சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

அவர் ஜெயித்த முதல் சனிக்கிழமை,
இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்,
டென்னியின் அக்கா ஹன்னா வந்தாள்.
வரிசை தானாக வழிவிட்டது.
அவள் உட்காரவில்லை.
'அம்மாவின் பெட்டியை
பதினோரு மைல் சுற்றிக் கொண்டுபோனோம்.
கல்லறை அக்கரையில்.
எங்கள் சமையலறை ஜன்னலில் தெரிகிற தூரம்.'
அவ்வளவுதான். போய்விட்டாள்.
அட்டையில் அவர் எதுவும் எழுதவில்லை.
பென்சில் மட்டும் கையில் வெகுநேரம் இருந்தது.

ஐம்பதில் பாலம் வந்தது.
பாதிரியார் நீர் தெளித்தார்.
அமைச்சர் நாடா வெட்டினார்.
பேசச் சொன்னபோது மோர்ட்டி
'பார்த்துப் போங்கள், தரை ஈரம்' என்றார்.
அதுதான் முழு உரை.
பிறகு காரில் ஏறி
'பழைய வழியிலேயே போ' என்றார்.
பதினோரு மைல்.
நான் காசு வாங்கவில்லை.

மறு ஆண்டு தேர்தல்.
அறுபத்துமூன்று ஓட்டில் தோற்றார்.
எதிர்க்கட்சிக்காரர்கள்
அக்கரைக் கிழவிகள் அத்தனை பேரையும்
பாலத்தின் மேல் காரில் ஏற்றிவந்து இறக்கினார்கள்.
ஹன்னாவும் வந்தாள், அந்தக் காரில்தான்.
இறங்கியவள் இவரைப் பார்த்து
ஒருமுறை தலையசைத்தாள்.
இவர் தொப்பியைக் கழற்றினார்.
மழை வலுத்த பிறகும் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை;
சளி பிடிக்கும் என்று
நான்தான் கத்தவேண்டியிருந்தது.