வத்து நேரம் 6.42

இதயம் சரியாக இருக்கிறதென்று
மூன்றாவது முறையும் சொல்லிவிட்டார்கள் சயான் ஆஸ்பத்திரியில்.
தாளில் என் துடிப்பு
நல்ல பிள்ளை எழுதிய இரட்டைக்கோடு நோட்டு மாதிரி.
‘டென்ஷன். கொஞ்சம் காற்றாட நடங்கள்.’
பதினான்காம் மாடியிலிருந்து இறங்கி
எங்கே நடக்க?
லிஃப்ட் ஓடுகிற நாளிலும்
கீழே பார்க்கிங்தான் இருக்கிறது.

இரவு இரண்டு மணிக்கு வரும் அது.
எங்கோ மதகைத் திறந்துவிட்டாற்போல்
முழங்கால், இடுப்பு, கழுத்து.
ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல்.
அங்கேயும் ஒருத்தி திறந்துகொண்டு நிற்பாள்.
பேசிக்கொண்டதில்லை.

சொரிமுத்துவுக்குப் போன் போட்டேன்,
மூன்று வருஷம் கழித்து.
இந்த வீடு யார் பெயரில் என்பதில்
நின்றுபோன பேச்சு.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.
‘ஞாயித்துக்கெழம வத்து ஆறு நாப்பத்திரெண்டுக்கு.
பழைய செருப்பு போட்டுட்டு வா.’

ஐரோலிப் பாலத்துக்குக் கீழே
காக்கிச் சட்டை, முட்டி வரை சேறு, என் தம்பி.
வனத்துறையில் தினக்கூலிக்குக் கன்று நடுகிறான்.
தண்ணீர் வெகுதூரம் போய்விட்டிருந்தது.
அது விட்டுப்போன சேற்றில்
ஆயிரம் பென்சில்கள், கூர்முனை வானம் பார்க்க.
‘மிதிச்சிராத. வேரு.’
‘வேரா? மேல பாத்தா?’
‘சேத்துக்குள்ள காத்து ஏது?
மூச்சு வாங்க வெளிய வருது.’
சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டான்.
நான் கொஞ்ச நேரம் நகரவில்லை.

அப்புறம்தான் அந்த நாற்றம்.
உப்பும் அழுகலும் அவித்த முட்டையும் கலந்து.
எனக்கு அதைத் தெரியும்.
மில் மூடிய வருஷம்
மாஹிம் கழியில் ராத்திரி நண்டு பிடித்து
டால்டா டின்னில் கொண்டுவந்த அப்பாவின் லுங்கி அது.
என் யூனிஃபார்ம் காயும் கொடியில்
அந்த லுங்கி காயக்கூடாதென்று அழுதவள் நான்.
மறுநாளே தண்டவாளத்து வேலியில் போட்டார்.
யாரோ எடுத்துப்போனார்கள்.
அந்த மாதம் முழுக்க ஒரே லுங்கி.
நண்டை மட்டும் நான் வேண்டாமென்று சொன்னதில்லை.

‘போர்டுல அவிசீனியான்னு போட்டிருக்கு.
அப்பா அலையாத்தின்னுதான் சொல்லுவாரு.
கூட நண்டு பிடிச்ச முத்துப்பேட்டைக்காரர் வச்ச பேருன்னு
நெனச்சிட்டிருந்தேன். நெசப் பேரே அதானாம்.’

அலையாத்தி.
கொதிக்கிற டீயைக் கை உயரத் தூக்கி ஆற்றுவார்களே,
அப்படி அலையை.
வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.
ஒரு கை மட்டும் பெருத்த குட்டி நண்டொன்று
வளை வாசலில் நின்று
வா வா என்றோ போ போ என்றோ
ஆட்டிக்கொண்டிருந்தது.

பதினோரு கன்று நட்டேன்.
‘நாலு நின்னா அதிகம்,’ என்றான்.
பையிலிருந்து வடாபாவ் எடுத்து, ஆளுக்கொன்று.
என்னிடம் இருந்த மிளகாயை அவனாகவே எடுத்துக்கொண்டான்
சின்ன வயதில் எடுக்கிற மாதிரி.
வீட்டுப் பேச்சை ஆரம்பித்தேன்.
‘ஓதம் ஏறுது, நட யக்கா.’
உண்மையில் ஏறிக்கொண்டுதான் இருந்தது,
பென்சில்களை ஒவ்வொன்றாக மூடி,
என் கணுக்காலையும்.
நட்டதில் கடைசிக் கன்று
இரண்டு இலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இரவு இரண்டு மணிக்கு வந்தது.
முழங்கால், இடுப்பு.
நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது, முகர்ந்தேன்.
ஏறுவது வற்றும் என்று தெரிந்தாலும்
பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.
தம்பி அனுப்பியிருந்த ஓத அட்டவணையில்
அடுத்த ஞாயிறைத் தேடினேன்.
எதிர் ஜன்னல்காரிக்கு, முதன்முதலாக,
கையை ஆட்டினேன்.
வா வா என்றா போ போ என்றா,
அவளுக்கும் புரிந்திருக்காது. அவளும் ஆட்டினாள்.

திங்கள் காலை
அலசியும் போகாத என் சல்வாரை
மகளின் யூனிஃபார்முக்குப் பக்கத்தில் காயப்போட்டேன்.
மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.
கத்தட்டும்.